அரசுக் கணினி வலையமைப்புகளின் பாதுகாப்பு: தானியக்கம் யார் கையில்?

(அரசு ஊழியர்களும் ஒப்பந்தக் கணினிப் பணியாளர்களும் பங்கேற்ற கருத்தரங்கில், அரசு அலுவலகம் ஒன்றில் வலையமைப்பு நிர்வாகியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

கணினி வலையமைப்பின் பாதுகாப்பு என்றவுடன், இது பொறியாளர்களின் விவகாரம், இதில் நமக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். ஆகவே மருத்துவமனை வரிசை ஒன்றிலிருந்து என் பேச்சைத் தொடங்குகிறேன்.

2022 நவம்பர் 23 அன்று காலை தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிச் சேவைகள் முடங்கின. தேசியத் தகவலியல் மையத்தின் 'இ-ஹாஸ்பிடல்' மென்பொருள் இயங்கிவந்த ஐந்து சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்தன. அவற்றில் இருந்த தரவுகள் சங்கேதமாக மாற்றப்பட்டு, திறக்க முடியாதவாறு பூட்டப்பட்டன. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் இரவெல்லாம் இரயிலில் வந்து வரிசையில் நிற்கும் ஏழை நோயாளிகளின் மருத்துவமனை அது. பதிவுச் சீட்டு, இரத்தப் பரிசோதனை, முடிவு அறிக்கை, அனுமதி, விடுவிப்பு என அனைத்தும் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பின. ஏறத்தாழ இரண்டு வாரம் இந்த நிலை நீடித்தது. வசதி படைத்தவர் வேறு மருத்துவமனைக்குப் போய்விடுவார். எய்ம்ஸ் வரிசையில் நிற்பவருக்கு வேறு வரிசை கிடையாது.

தாக்குதலுக்குச் சில நாட்கள் கழித்து செய்தித்தாள்களில் வெளியான ஒரு கணக்கை நான் குறித்துவைத்தேன். சுமார் 5,000 கணினிகளில் ஏறத்தாழ 1,200 கணினிகளில் தீநிரல் தடுப்பு மென்பொருள் நிறுவப்பட்டுவிட்டது. 50 சர்வர்களில் 20 சோதிக்கப்பட்டுள்ளன. இரவு பகலாக வேலை நடக்கிறது. முழுமையாகத் தூய்மைப்படுத்த மேலும் ஐந்து நாட்கள் ஆகும் என்றது அந்தச் செய்தி. தாக்குதலுக்குப் பிந்தைய வேலையை நிதானமாகத்தான் செய்ய வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த நாட்களில் தூக்கமின்றி உழைத்தவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் வலையமைப்பு நிர்வாகியாக இருந்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி எழுகிறது. 5,000 கணினிகளில் எதில் பாதுகாப்பு இருக்கிறது, எதில் இல்லை என்பதைத் தாக்குதலுக்கு முந்தைய நாளே ஒரே இடத்திலிருந்து அறியும் ஏற்பாடு ஏன் இருக்கவில்லை?

அந்த ஏற்பாட்டின் பெயர்தான் தானியக்கம். அது ஒரு தொழில்நுட்பம் என்பதோடு, பொதுச் சொத்தைப் பராமரிக்கும் உழைப்பு யாருடையது என்ற கேள்வியும் ஆகும். இதுவே இன்று நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி.

ஸ்கிரிப்ட் என்பது என்ன?

நிர்வாகி ஒருவர் கணினியின் முன் அமர்ந்து செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். இயங்குதளத்துக்கு வந்துள்ள பாதுகாப்புத் திருத்தம் நிறுவப்பட்டதா? பணியிலிருந்து சென்றவரின் கணக்கு மூடப்பட்டதா? தேவையற்ற வாயில்கள் அடைக்கப்பட்டனவா? காப்புநகல் நேற்றிரவு எடுக்கப்பட்டதா? இந்த நான்கு கேள்விகளுக்கும் ஒரு கணினியில் விடை காண இருபது நிமிடம் ஆகும் என்று வையுங்கள். 400 கணினிகளுக்கு 8,000 நிமிடம்; 133 மணி நேரத்துக்கு மேல். ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் மூன்று வாரம் உழைக்க வேண்டும். அவர் கடைசிக் கணினிக்கு வந்து சேரும்போது முதல் கணினியின் நிலை மாறிப் போயிருக்கும்.

இதே நான்கு கேள்விகளையும் கட்டளைகளாக வரிசைப்படுத்தி ஒரு கோப்பில் எழுதி, எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பி, விடைகளைத் திரட்டச் செய்யலாம். அந்தக் கோப்புதான் ஸ்கிரிப்ட். விண்டோஸ் கணினிகளில் பவர்ஷெல், லினக்ஸில் பாஷ், பல நூறு கணினிகளை ஒரே நேரத்தில் ஒரே அமைவுக்குக் கொண்டுவர அன்சிபிள் போன்ற கருவிகள் பயன்படுகின்றன. மூன்றுமே எவரும் இலவசமாகப் பெற்று, மூலநிரலைப் படித்துப் பார்க்கக்கூடியவை.

நான் பணியாற்றிய அலுவலகத்தில் ஏறத்தாழ 400 கணினிகள். நிர்வாகிகள் மூவர், அவர்களில் நிரந்தரப் பணியில் இருந்தவன் நான் ஒருவனே. நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட் முப்பது வரிகளைத் தாண்டாது. கடந்த 90 நாட்களில் ஒருமுறையேனும் பயன்படுத்தப்படாத கணக்குகளைப் பட்டியலிடு என்பதே அதன் வேலை. பட்டியல் வந்தபோது நான் திகைத்துப் போனேன். மாற்றலாகிப் போனவர்கள், ஓய்வுபெற்றவர்கள், மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமான எங்கள் தலைமை எழுத்தர், ஒப்பந்தம் முடிந்து வெளியேற்றப்பட்ட ஒரு தட்டச்சர் என எல்லோருடைய கணக்குகளும் திறந்தே கிடந்தன. அந்தத் தட்டச்சரின் கணக்குக்குச் சம்பளப் பட்டியல் சர்வரில் எழுதும் உரிமைகூட இருந்தது. அவர் அதைத் தவறாகப் பயன்படுத்தவில்லை என்றால், அது அவருடைய நேர்மை. எங்கள் திறமை அதில் எதுவும் இல்லை.

59 நாட்கள்

2017 மே 12 அன்று 'வானாக்ரை' என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது நினைவிருக்கும். அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் 59 நாட்கள் இருந்தன. திருத்தம் கையில் இருந்தும் அதைக் கணினிக்குக் கொண்டுசேர்க்க ஆள் இல்லை, முறை இல்லை.

பிரிட்டனின் பொது மருத்துவச் சேவை நிலைகுலைந்தது. இங்கிலாந்தின் 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன என்றும், எளிய நடவடிக்கைகளால் அதைத் தவிர்த்திருக்க முடியும் என்றும் அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை அளித்தது. இந்தியாவில் ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகளும், மேற்கு வங்கத்தில் மின்பகிர்மான நிறுவனத்தின் சில அலுவலகங்களும், கேரளத்தில் சில பஞ்சாயத்து அலுவலகங்களும் பாதிக்கப்பட்டன. அப்போது இடதுசாரிகள் ஆண்ட மாநிலம் என்று தீநிரல் சலுகை எதுவும் காட்டவில்லை, தோழர்களே. திருத்தம் நிறுவப்பட்டதா, இல்லையா என்பது மட்டுமே அதற்குக் கணக்கு.

இன்னொரு உண்மையையும் மறக்கக் கூடாது. அந்த ஓட்டையைத் தாக்குவதற்கான கருவியை உருவாக்கியது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. ஓட்டையை அறிந்தும் உலகுக்குச் சொல்லாமல், பிற நாடுகளின் கணினிகளுக்குள் நுழைவதற்காக அதை ஆயுதமாகப் பதுக்கி வைத்திருந்தது. அந்த ஆயுதம் திருடப்பட்டு, 2017 ஏப்ரலில் இணையத்தில் வெளியானது. ஏகாதிபத்தியத்தின் ஆயுதக் கிடங்கில் இருந்து கசிந்த ஒன்றுதான் கேரளத்துப் பஞ்சாயத்து அலுவலகத்தின் கணினி வரைக்கும் வந்து சேர்ந்தது.

அறைக்கு அறை கதவு

எய்ம்ஸ் தாக்குதலுக்கான காரணத்தை ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் எழுத்துபூர்வமாகத் தெரிவித்தது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாமல் இருந்ததே காரணம் என்றது அந்தப் பதில். ஒரு வீட்டில் அறைக்கு அறை கதவு இருந்தால், முற்றத்துக்குள் நுழைந்த திருடன் பணப்பெட்டி வரை போக முடியாது. வலையமைப்பிலும் வரவேற்பறைக் கணினியும், ஆய்வகக் கருவியும், நோயாளியின் தரவு இருக்கும் சர்வரும் வெவ்வேறு அறைகளில் இருக்க வேண்டும்.

கதவு இருந்தால் என்ன நன்மை என்பதைக் கூடங்குளம் காட்டியது. 2019 செப்டம்பர் 4 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தோடு தொடர்புடைய ஒரு கணினியில் தீநிரல் இருப்பதை 'செர்ட்-இன்' என்னும் இந்தியக் கணினி அவசரநிலைக் குழு கண்டறிந்து தெரிவித்தது. அது நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு இணைந்த கணினி. உலையை இயக்கும் உள் வலையமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்தது என்று அணுமின் கழகம் விளக்கம் அளித்தது. அந்த விளக்கமும் அக்டோபர் 30 அன்றுதான் வந்தது. அதற்கு முந்தைய நாள்வரை செய்தி மறுக்கப்பட்டது. பிரிவினை உலையைக் காத்தது என்று ஆறுதல் கொள்ளும்போதே, எட்டு வார மௌனத்தைக் கேள்வி கேட்கவும் வேண்டும்.

கதவுகளை ஒருமுறை அமைத்துவிட்டால் போதாது. அவசர வேலைக்காக யாரோ ஒரு வழியைத் திறப்பார்; பிறகு மூட மறந்துவிடுவார். அமைவு நாளடைவில் மெல்ல விலகிப் போகும். ஆகவே ஒவ்வோர் இரவும் எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்த்து, திறந்திருப்பதைக் காலையில் அறிவிக்கும் ஸ்கிரிப்ட் தேவை. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, பாதுகாப்புச் சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்கிறது. ஒரு நடுத்தர அலுவலகத்தின் பதிவேட்டில் ஒரே நாளில் பல இலட்சம் வரிகள் சேரும். மனிதக் கண்ணால் அதைப் படிக்க இயலாது. தானியக்கம் இன்றி அந்த ஆணை வெறும் காகிதமே.

இயந்திரத்தோடு நமது பழைய வழக்கு

இந்த இடத்தில் மூத்த தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். தானியக்கம் என்றால் ஆட்குறைப்பு என்றல்லவா நாம் சொல்லி வந்தோம்?

ஆம். 1960களில் கல்கத்தாவின் இல்லாகோ ஹவுஸில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கணினியை உள்ளே விடாமல் காவல் நின்றார்கள். 1983 செப்டம்பரில் வங்கி ஊழியர் சங்கங்கள் இயந்திரமயமாக்கல் குறித்து நிர்வாகங்களோடு ஒப்பந்தம் செய்தன. எங்கே, எத்தனை இயந்திரம், எந்த நிபந்தனையில் என்று பேசித் தீர்மானித்தன. அந்தப் போராட்டங்களைக் கேலி செய்வது இன்று நாகரிகமாகிவிட்டது. ஆனால் அவற்றின் சாரம் சரியானது. இயந்திரத்தையும், அதை மூலதனம் பயன்படுத்தும் விதத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மார்க்ஸ் மூலதனத்தின் முதல் தொகுதியில் விளக்கினார். இயந்திரம் வேலை நேரத்தைக் குறைக்க வல்லது; முதலாளியின் கையில் அதுவே வேலை நேரத்தை நீட்டுகிறது.

ஸ்கிரிப்டுக்கும் இது பொருந்தும். நிர்வாகி எழுதும் ஒவ்வொரு வரியும் அவருடைய அனுபவம் உறைந்து நிற்கும் உழைப்பு. அது மூன்று வார வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்கிறது. மிச்சமாகும் நேரம் எங்கே போகிறது? காப்புநகலிலிருந்து தரவை மீட்டுப் பார்க்கும் ஒத்திகைக்கா, ஊழியருக்குப் பயிற்சி அளிப்பதற்கா? அல்லது, ஸ்கிரிப்ட் இருக்கிறதே, மூவரில் இருவரை நீக்கிவிடலாம் என்ற கணக்குக்கா? இரண்டாவது கணக்கைத்தான் நான் நேரில் பார்த்தேன்.

அந்த இளைஞரின் ஸ்கிரிப்ட்

எங்கள் அலுவலகத்தில் ஒப்பந்தப் பணியாளராக இருந்த ஓர் இளைஞர் மிகத் திறமையானவர். இரவுதோறும் காப்புநகல் எடுத்து, அது சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் ஸ்கிரிப்டை எழுதியவர் அவர்தான். ஆட்களை அனுப்பும் ஏஜென்சி மாறியது. புதிய ஏஜென்சி குறைந்த சம்பளத்துக்கு ஆள் கொண்டுவந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவருக்கு விடை கொடுத்தார்கள். வேலையை ஒப்படைக்க ஒரு நாள்கூடத் தரவில்லை.

பயன்படாத கணக்குகளை மூடும் என்னுடைய ஸ்கிரிப்ட், விதிப்படி அவருடைய கணக்கை மூடியது. காப்புநகல் வேலை அவருடைய கணக்கின் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. அன்றிரவு முதல் காப்புநகல் நின்றுபோனது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சலும் அவருடைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. நான்கு மாதம் கழித்து, ஒரு கோப்பைத் தேடியபோதுதான் கண்டுபிடித்தோம். அந்த நான்கு மாதத்தில் வன்தட்டு பழுதாகியிருந்தால், அல்லது எய்ம்ஸில் நடந்தது எங்களுக்கு நடந்திருந்தால், ஆயிரக்கணக்கானோரின் பணிப் பதிவுகள் அழிந்திருக்கும். எய்ம்ஸில் இ-ஹாஸ்பிடல் தரவுகள் மீட்கப்பட்டதற்குக் காரணம், தாக்குதலுக்கு ஆளாகாத காப்பு சர்வர் ஒன்று இருந்ததே. எங்களிடம் அதுவும் இல்லை.

தவறு அந்த இளைஞருடையதா? இல்லை. என்னுடையதா? என் பங்கும் உண்டு. அவருடைய ஸ்கிரிப்டை நான் வாங்கிப் படித்திருக்க வேண்டும். ஆனால் அடிப்படைக் காரணம், பொது நிறுவனத்தின் நினைவாற்றலை ஆறு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்த கொள்கைதான். அவுட்சோர்சிங் செய்த நிர்வாகம் சம்பளக் கணக்கில் மிச்சத்தைக் காட்டியது. அந்த நான்கு மாத ஆபத்து எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. எய்ம்ஸ் சம்பவத்திலும் முதலில் வந்த நடவடிக்கைச் செய்திகளில் ஒன்று, கணினிப் பிரிவின் இருவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள் என்பதே. வலையமைப்பைப் பிரிக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்த முடிவுகளை எடுத்தவர்கள் யார் என்பது அந்தச் செய்தியில் இல்லை.

கருவி திசை மாறும்போது

தானியக்கத்தைப் புகழ்ந்துவிட்டு அதன் ஆபத்தை மறைப்பது நேர்மையாகாது. ஒரே கட்டளையால் 5,000 கணினிகளைக் காக்க முடியும் என்றால், ஒரே கட்டளையால் 5,000 கணினிகளைக் கெடுக்கவும் முடியும்.

2021 ஜூலை 2 அன்று, 'கசேயா' என்ற அமெரிக்க நிறுவனத்தின் தொலைநிர்வாக மென்பொருளில் இருந்த ஓட்டை வழியே பணயத் தீநிரல் பரப்பப்பட்டது. கணினிகளைப் பராமரிப்பதற்கான அதே பாதையில்தான் தீநிரல் போய்ச் சேர்ந்தது. பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 1,500 வரை இருக்கும் என்று அந்நிறுவனமே மதிப்பிட்டது; சுவீடனின் 'கூப்' கூட்டுறவு அங்காடி நூற்றுக்கணக்கான கடைகளை மூட வேண்டியதாயிற்று. 2024 ஜூலை 19 அன்று தாக்குதல் எதுவுமே இல்லை. 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற பாதுகாப்பு நிறுவனம் பிழையான ஒரு புதுப்பிப்பைப் படிப்படியாகச் சோதிக்காமல் உலகெங்கும் அனுப்பியது. சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நமது விமான நிலையங்களில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தனியார் ஏகபோகம் ஒன்றின் ஒற்றைப் பொத்தானில் உலகின் கணினிகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை அந்த ஒரு நாள் காட்டியது.

நானும் அந்தத் தவறைச் சிறிய அளவில் செய்திருக்கிறேன். வானாக்ரை தாக்குதலுக்குப் பின், அது பரவுவதற்குப் பயன்பட்ட பழைய கோப்புப் பகிர்வு முறையை மூடும் ஸ்கிரிப்டை எழுதி, 400 கணினிகளிலும் ஒரே இரவில் இயக்கினேன். ஓய்வூதியப் பிரிவின் பழைய ஸ்கேனர் அந்த முறையை நம்பியே இயங்கியது என்பதை நான் விசாரிக்கவில்லை. மறுநாள் முழுவதும் அந்தப் பிரிவில் ஆவணங்களைப் பெற முடியவில்லை. இரண்டு பேருந்து மாறி வந்திருந்த வயது முதிர்ந்த அம்மையார் ஒருவரிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கும் வர வேண்டுமா என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு, முதலில் ஐந்து கணினி, அடுத்து ஒரு பிரிவு, அதற்குப் பின்தான் முழு அலுவலகம் என்ற ஒழுங்கை நான் மீறியதில்லை. அந்தந்தப் பிரிவு ஊழியரிடம் கேட்காமல் எந்த ஸ்கிரிப்டையும் இயக்கியதும் இல்லை. கணினி எதற்குப் பயன்படுகிறது என்பது அதில் வேலை செய்பவருக்குத்தான் தெரியும்.

கண்காணிப்பு யார் மீது?

தானியக்கத்துக்கு நமது ஆட்சியாளர்கள் எதிரிகள் அல்லர். அவர்கள் அதை எங்கே பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் பணியிடங்களில் செல்பேசிச் செயலி வழியான வருகைப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. நாளுக்கு இரண்டு முறை, இடக் குறிப்போடும் நேரக் குறிப்போடும் புகைப்படம். மண் சுமக்கும் பெண் தொழிலாளி காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது. இணைப்புக் கிடைக்காவிட்டால் கூலி பறிபோனது. அவளைச் சரிபார்க்கத் தானியக்கம் உண்டு. அவளுடைய பெயரும் வங்கிக் கணக்கும் இருக்கும் சர்வரில் நேற்றிரவு திருத்தம் நிறுவப்பட்டதா என்று நாட்டுக்குச் சொல்லும் ஏற்பாடு இல்லை.

மேலும், 2023 நவம்பரில் செர்ட்-இன் அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கப்பட்டது. தாக்குதல் நடக்கும்போது தொழில்நுட்ப விவரங்களை வெளியிட முடியாது என்பது ஏற்கத்தக்க வாதம். ஆனால் எத்தனை அரசு அலுவலகங்கள் விதிகளைப் பின்பற்றின, எத்தனை பின்பற்றவில்லை என்று கேட்கும் வழியையே அடைப்பது பாதுகாப்பு ஆகாது.

அலுவலகத்துக்குள்ளும் இதே ஆபத்து உண்டு. திருத்தம் நிறுவப்பட்டதா என்று சோதிக்கும் அதே மென்பொருளால், ஊழியர் எத்தனை முறை விசையை அழுத்தினார், எத்தனை நிமிடம் எழுந்து போனார் என்றும் கணக்கிட முடியும். ஆகவே கணினியைச் சோதிக்கும் ஸ்கிரிப்டை வரவேற்போம். ஊழியரை வேவு பார்க்கும் ஸ்கிரிப்டை எதிர்ப்போம். இரண்டையும் பிரித்தறிய, ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது என்று படித்துச் சொல்லும் தோழர்கள் ஒவ்வொரு சங்கத்திலும் வேண்டும்.

நாம் முன்வைக்க வேண்டியவை

முதலாவதாக, வலையமைப்பு நிர்வாகம் நிரந்தரப் பணியாக வேண்டும். இப்போது ஒப்பந்தத்தில் இருப்பவர்களை முறைப்படுத்த வேண்டும். கட்டடத்தின் காவலைப் போலவே தரவின் காவலும் தொடர்ச்சியான பொறுப்பு.

இரண்டாவதாக, அரசு அலுவலகத்தில் எழுதப்படும் ஒவ்வொரு ஸ்கிரிப்டும் பொதுச் சொத்தாக வேண்டும். எழுதியவர் பெயரோடு பொதுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். இன்னொருவர் படித்து ஒப்புதல் அளித்த பின்பே இயங்க வேண்டும். தனிநபர் கணக்கில் ஓடக் கூடாது. கடவுச்சொற்களையும் இரகசிய விவரங்களையும் அதற்குள் எழுதக் கூடாது. ஒரு மாவட்ட அலுவலகம் எழுதியதை மற்றொரு மாவட்டம் பயன்படுத்த முடிந்தால், ஒரே வேலைக்குத் தனியார் ஆலோசகர்களுக்கு நூறு முறை பணம் கொடுக்க நேராது.

மூன்றாவதாக, கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கானது 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபரிலும் நிறுத்தப்பட்டன. ஒவ்வொரு முறையும், நன்றாக இயங்கும் கணினிகளை ஒரு நிறுவனத்தின் வணிக நாட்காட்டி பாதுகாப்பற்றதாக்குகிறது. ஒன்றிய அரசு 2015இலேயே திறந்தமூல மென்பொருள் கொள்கையை அறிவித்தது. பொதுத்துறை ஆய்வு நிறுவனமான சி-டாக், சென்னையில் 'பாஸ்' லினக்ஸை உருவாக்கியது. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. திறமை இருக்கிறது, உறுதிதான் தேவை. கட்டற்ற மென்பொருள் என்பதால் தானாகப் பாதுகாப்பு வந்துவிடாது. திருத்தங்களை அதிலும் நிறுவத்தான் வேண்டும். ஆனால் திருத்துவதற்கான உரிமை நம் கையில் இருக்கும்.

நான்காவதாக, காப்புநகலை மீட்டுப் பார்க்கும் ஒத்திகை ஆண்டுக்கு இருமுறையேனும் நடக்க வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்புநகலை நம்ப முடியாது என்பதை நாங்கள் நான்கு மாதம் கழித்துக் கற்றோம்.

ஐந்தாவதாக, சம்பவம் நடந்தால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். கடைநிலை ஊழியரை இடைநீக்கம் செய்து கோப்பை மூடக் கூடாது. பிழையை ஒப்புக்கொள்பவர் தண்டிக்கப்படும் இடத்தில், அடுத்த பிழை மறைக்கப்படும். விசாரணையின் பொதுவான முடிவுகள் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

தோழர்களே, இங்கிருந்து அலுவலகம் திரும்பும்போது உங்கள் கணினிப் பிரிவில் இருக்கும் ஒப்பந்தப் பணியாளரிடம் போய்ப் பேசுங்கள். உங்கள் அலுவலகத்தின் காப்புநகலைக் கடைசியாக என்றைக்கு மீட்டுப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். அவருடைய ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது என்றும் கேளுங்கள். இந்த இரண்டு தேதிகளையும் உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் முன்வையுங்கள். நமது கோரிக்கை மனு அங்கிருந்து தொடங்கட்டும்.